தேர்தல் நாளில் வெளியூரில் இருக்கும் வணிகருக்கு ஓட்டு உண்டா?

தேர்தல் அறிவிப்பு வந்தவுடன் நமது கம்போளத்தில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "வாக்குப்பதிவு அன்று நான் சரக்கு எடுக்க விருதுநகரில் இருப்பேன். பட்டாளத்துக்காரருக்குத் தபால் ஓட்டு கொடுக்கிறார்களே, எனக்குத் தரமாட்டார்களா?" என்பதே அது. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தரமாட்டார்கள். இன்றைய சட்டத்தில் வியாபார வேலையாக வெளியூர் சென்றவருக்குத் தபால் வாக்கு இல்லை. முன்கூட்டியே வாக்களிக்கும் வசதியும் இல்லை. அப்படியானால் யாருக்கு உண்டு, நமக்கு ஏன் இல்லை, இருக்கிற சட்டத்துக்குள் நாம் செய்யக்கூடியது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019 இல் ஏப்ரல் 18, 2021 இல் ஏப்ரல் 6, 2024 இல் ஏப்ரல் 19 என்று தமிழ்நாட்டில் பெரிய தேர்தல்கள் ஏப்ரலிலேயே வந்திருக்கின்றன. புளி, வத்தல், மல்லி எல்லாம் புதுச் சரக்காக வரும் பருவம் அது. ஒரு வருடத்துக்கான கொள்முதலை அந்த இரண்டு மாதத்தில் முடிப்பவர் நம்மில் பலர். விலை இறங்கிய நாளில் மண்டியில் நிற்காவிட்டால் வருடம் முழுவதும் அதன் வலி தெரியும். ஆகவே, "ஒரு நாள் ஓட்டுக்காக வரமுடியாதா?" என்று கேட்பவர்களுக்கு வியாபாரம் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும்.

தபால் வாக்கு பெறுவோர் யார்? முப்படையினர், மத்திய ஆயுதப் படையினர், வெளிநாட்டுத் தூதரகங்களில் பணிபுரியும் அரசு ஊழியர்கள் ஆகியோர் முதல் வகை. இவர்களைப் பணி வாக்காளர் என்பர். இவர்களுக்கு இப்போது வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள். அதை அச்செடுத்துக் குறியிட்டுத் தபாலில் திருப்பி அனுப்பவேண்டும். இம்முறை முதலில் நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பரில், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். அடுத்த வகை, தேர்தல் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், காவலர்கள். தடுப்புக் காவலில் இருப்பவருக்கும் தபால் வாக்கு உண்டு. ஆனால் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவருக்கு எந்த வாக்கும் இல்லை. குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற பதவியில் இருப்போருக்கும் உண்டு. 2019 அக்டோபரில் விதியைத் திருத்தி, வீட்டிலிருந்தே வாக்களிக்கும் உரிமையை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கொடுத்தார்கள். ரயில்வே, மின்சாரம் போன்ற அத்தியாவசியப் பணிகளில் தேர்தல் ஆணையம் அறிவிக்கும் சில பிரிவினருக்கும் அப்போதுதான் வழி பிறந்தது. 2024 இல் பத்திரிகையாளர்களும் இந்தப் பட்டியலில் இருந்தனர்.

ஊருக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து சேர்ப்பவன் அத்தியாவசியப் பணியாளன் இல்லையா என்று நாம் கேட்கலாம். கொரோனா ஊரடங்கில் பலசரக்குக் கடையை அத்தியாவசியம் என்று அரசே சொல்லியது. தேர்தல் என்று வரும்போது மட்டும் அந்தச் சொல் நம்மை விட்டு விலகிக்கொள்கிறது.

ஆனால் நாம் மட்டும் தனியாக விடப்பட்டோம் என்று எண்ணவேண்டாம். தூத்தூர்ப் பக்கத்து மீனவர் ஆழ்கடலில் வாரக்கணக்கில் இருப்பார். அவருக்கும் வழி இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் 2011 முதல் வெளிநாட்டு வாக்காளராகப் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் வாக்களிக்க விமானமேறி ஊருக்குத்தான் வரவேண்டும். திருப்பூருக்கு வேலைக்கு வந்த பீகார்க்காரர் நிலையும் இதுவே. இவர்களுக்காகத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகளின் வாக்கைப் பதியலாம் என்றார்கள். 2023 ஜனவரி 16 அன்று கட்சிகளை அழைத்துச் செயல்முறை காட்ட முனைந்தார்கள். எதிர்க்கட்சிகள் ஒப்பவில்லை. வெளி மாநிலத்துச் சாவடியில் முகவரை எங்கே தேடுவது, வந்தவர் உண்மையில் அந்த ஊர்க்காரர்தானா என்று யார் சொல்வது என்ற கேள்விகள் எழுந்தன. அந்த முயற்சி அப்படியே நின்றுபோயிற்று.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2001 முதல் காரணம் கூறாமலே தபால் வாக்கு கேட்டுப் பெறலாம். ஜெர்மனியில் 2021 தேர்தலில் வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தபாலிலேயே வாக்களித்தனர். பக்கத்து இலங்கையிலோ நம்மைப் போலவே, அரசுப் பணியாளர் போன்றோருக்குத்தான் தபால் வாக்கு. கொழும்பு நான்காம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிக்கு இல்லை.

இந்தியாவில் எல்லோருக்கும் கொடுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் நாள் கணக்கு. 2024 இல் நமக்கு வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாள் மார்ச் 30. அதன் பிறகே வேட்பாளர் பட்டியல் முடிவாகும், வாக்குச்சீட்டு அச்சாகும். வாக்குப்பதிவோ ஏப்ரல் 19. இடையில் இருபது நாள். அதற்குள் ஒவ்வொரு தொகுதியிலும் லட்சக்கணக்கான பேருக்குச் சீட்டு அனுப்பித் திரும்பப் பெறுவது எளிதன்று. இன்னொரு காரணம் இரகசியம். சாவடி மறைப்புக்குள் யாரும் உங்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாது. வீட்டுக்கு வரும் சீட்டை முதலாளியோ கட்சிக்காரரோ வாங்கிக் குறியிட்டால் யார் தடுப்பது? பணம் புழங்கும் நமது தேர்தல்களில் இந்த அச்சத்தை அலட்சியப்படுத்துவதற்கில்லை.

தபால் வாக்கு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது, அது செல்லுபடியாகவும் வேண்டும் என்பதற்கு நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் இருக்கும் இராதாபுரமே சாட்சி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை வெற்றி பெற்றார். தோற்றவர் தி.மு.க.வின் அப்பாவு. வித்தியாசம் 49 வாக்குகள். எண்ணிக்கையில் 203 தபால் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கியிருந்தார்கள். காரணம், உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள். அவர்கள் சான்றொப்பமிடத் தகுதியுள்ள அதிகாரிகள் அல்லர் என்பது. அப்பாவு வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மறுபடி எண்ணச் சொல்லியது. எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021 இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. 203 பேர் கையெழுத்திட்டு அனுப்பிய வாக்கு யாருக்கு என்பது ஐந்தாண்டு முழுவதும் உறைக்குள்ளேயே இருந்தது.

அந்த உறை விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் வீட்டிலும் ஆசிரியரோ காவலரோ இருப்பார். வாக்குச்சீட்டைக் குறியிட்டுச் சிறிய உறையில் வைத்து ஒட்டவேண்டும். அதன் எண் படிவம் 13-பி. வாக்காளர் உறுதிமொழி தனித்தாள், அது 13-ஏ. அதில் கையெழுத்தும் சான்றொப்பமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பெரிய உறையில், அதாவது 13-சி யில் வைத்து ஒட்டவேண்டும். லாரியில் சரக்கு ஏற்றும்போது பில் ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம் போனால் சோதனைச் சாவடியில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். உறுதிமொழித் தாளை மறந்து சிறிய உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டாலும் கதை அதுவே. உறையைத் திறக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். எண்ணிக்கை நாள் காலை 8 மணிக்குப் பிறகு வந்து சேரும் தபால் வாக்கும் சேராது.

இனி நமது காரியத்துக்கு வருவோம். வெளியூர்ப் பயணத்தைத் தேர்தலுக்கு ஏற்ப அமைப்பது ஒன்றே வழி. வாக்குப்பதிவு பொதுவாகக் காலை 7 முதல் மாலை 6 வரை. 6 மணிக்குள் வரிசையில் வந்து நின்றவருக்கு வில்லை கொடுத்து, எத்தனை மணியானாலும் வாக்களிக்க விடவேண்டும். மதுரையிலிருந்து காலையில் வண்டி ஏறினால்கூட மாலைக்குள் கோட்டாறு வந்துவிடலாம். காலை 7 மணிக்கு ஓட்டைப் போட்டுவிட்டுப் புறப்படுவது அதைவிட உத்தமம். ஆணையம் நேரத்தை நீட்டித்ததும் உண்டு. 2019 இல் சித்திரைத் திருவிழா தேரோட்டம் அன்றே தேர்தல் வந்ததால் மதுரையில் இரவு 8 மணி வரை வாக்களிக்க விட்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் கேட்டது ஒரு நகரம். ஒரு சங்கம் கேட்டால் கிடைக்குமா என்பது வேறு.

கையில் வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கிப் புத்தகம் இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு செல்லாது. சாவடிச் சீட்டு மட்டும் கொண்டுபோனாலும் செல்லாது. பயணத்தில் இருப்பவர் இதைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளவும். அதே பயணத்தில் ரொக்கம் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பில், வங்கிச் சீட்டு, வரவு செலவுக் குறிப்பு கூடவே இருக்கட்டும். ஆரல்வாய்மொழியிலும் களியக்காவிளையிலும் பறக்கும் படை நிற்கும் காலம் அது. கொள்முதல் பணம் பிடிபட்டால் மாவட்டக் குழுவிடம் கணக்கைக் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அதற்குள் சந்தை போய்விடும்.

ஊர் திரும்பிச் சாவடிக்குச் சென்றால், "உங்கள் ஓட்டு போட்டாயிற்றே" என்று சொல்லிவிடுகிறார்களா? அடிக்கடி வெளியூரில் இருப்பவர்களின் பெயரில்தான் இந்த வேலை நடக்கும். சண்டை போட்டுத் திரும்பவேண்டாம். விதி 49-பி இன்படி நீங்கள் யார் என்று நிரூபித்தால் ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு ஒன்றைத் தருவார்கள். 2018 இல் சர்கார் படம் வந்த பிறகு இந்த விதி பிரபலமாயிற்று. படத்தில் காட்டுவது போல அது உடனே எண்ணப்படுவதில்லை. தனி உறையில் இருக்கும், வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கும். ஆயினும் வாக்கு வித்தியாசம் சிறிதானால் அந்த உறைக்கு மதிப்பு வரும். 2008 இல் ராஜஸ்தான் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே வாக்கில் தோற்றபோது, இத்தகைய வாக்குகளை வைத்து வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

நமது சிப்பந்திகளின் ஓட்டும் நம் பொறுப்பில் வருகிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 135-பி, 1996 இல் சேர்க்கப்பட்டது. வாக்குப்பதிவு நாளில் கடைச் சிப்பந்திக்குச் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். தினக்கூலிக்கு வேலை செய்யும் லோடுமேனுக்கும் அன்றைய கூலி உண்டு. மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். தொகை சிறிதுதான்; அதைக் கட்டிவிட்டுக் கடை திறக்கலாம் என்று கணக்குப் போடுபவரும் இருக்கிறார். கவனிக்கவேண்டிய இன்னொன்று, விடுமுறை சிப்பந்தியின் ஓட்டு உள்ள தொகுதியைப் பொறுத்தது. 2024 இல் நமக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. பாறசாலையிலிருந்து வந்து கோட்டாற்றில் வேலை செய்பவருக்கு 26 ஆம் தேதியே விடுமுறை.

வீட்டில் 85 வயது நிறைந்த பெரியவர்கள் இருந்தால் படிவம் 12-டி யை மறக்கவேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த வயது 80 ஆக இருந்தது. 2024 இல் 85 ஆக்கினார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளோருக்கும் இது பொருந்தும். படிவத்தைச் சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே கொண்டுவருவார். அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் பூர்த்தி செய்து கொடுக்கவேண்டும். 2024 இல் மார்ச் 20 அறிவிக்கை, 25 கடைசி. நாம் கடையில் இருக்கும்போது அலுவலர் வந்துபோய்விடுவார். வீட்டாரிடம் முன்பே சொல்லிவைக்கவும். படிவம் ஏற்கப்பட்டால் அலுவலர்கள் குழு ஒன்று வீடியோக்காரரோடு வீட்டுக்கு வந்து, இரகசியமாகக் குறியிடச் செய்து உறையை வாங்கிச் செல்லும். அதன் பிறகு சாவடிக்குச் சென்று வாக்களிக்க முடியாது.

கடைசியாக, பெயர். 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். முகவரியில் இல்லாதவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு என்று கண்டவர்களை டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. பாதி நாள் வெளியூரில் இருக்கும் நமக்கு இது ஆபத்தான வகை. தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதால் ஒருவர் தம் வசிப்பிடத்தை இழந்தவராக மாட்டார் என்று 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பெயர் விடுபட்டவர் இதைக் காட்டியே படிவம் 6 கொடுக்கலாம். அதே பிரிவு, ஓரிடத்தில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே அங்கு வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்றும் சொல்கிறது. கடை கோட்டாற்றில், குடும்பம் ஆரல்வாய்மொழியில் என்றால் ஓட்டு கன்னியாகுமரித் தொகுதியில்தான், நாகர்கோவிலில் அன்று. இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டால் எங்கே இருக்கிறோமோ அங்கே போடலாமே என்று எண்ணுவோர் உண்டு. அது குற்றம், பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை. வீடு மாறியவர் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளவேண்டும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தராது. விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்பாகவாவது கொடுத்துவிடுவது நல்லது.