வலது விங்குக்கு மாறிய வில்லி ஓரீ

அன்புள்ள பெறாமகனுக்கு,

ஹொக்கி முதல் அணியில் இடம் கிடைக்கவில்லை, இனி ஸ்கேற் போடமாட்டேன் என்று சொன்னாயாம். போடுவதும் விடுவதும் உன் விருப்பம். முடிவெடுக்க முன், வில்லி ஓரீயின் கதையில் பள்ளிக்கூடத்தில் அதிகம் சொல்லாத பகுதியையும் கேட்டுவிடு.

சொல்லும் பகுதி உனக்குத் தெரிந்ததுதான். 1958 ஜனவரி 18, மொன்றியல் ஃபோறம். பொஸ்டன் புரூயின்ஸ் சட்டையோடு இறங்கிய ஓரீ, வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். இல் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். பொஸ்டன் 3-0 என்று வென்றது. அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தவை 2 ஆட்டங்கள். பிறகு 1960-61 இல் 43 ஆட்டங்கள், 4 கோல்கள். சிகாகோவில் எதிரணிக்காரர் ஒருவர் மட்டைக் காம்பால் குத்தியதில் முன்பற்களும் போயின. உச்ச லீக்கில் அவருடைய கணக்கு அத்தோடு சரி. இன்னொரு கறுப்பின வீரர் அங்கே காலடி வைக்க 1974 ஆகிவிட்டது.

இதைக் கேட்டு அவருக்காகப் பரிதாபப்பட்டு விடாதே, கதை இனித்தான் இருக்கிறது.

என்.எச்.எல். க்கு வருமுன்பே, கீழ்மட்ட ஆட்டமொன்றில் முகத்தில் பக் எனும் வட்டு பட்டு, அவருடைய வலக்கண் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டிருந்தது. இனி ஆடக்கூடாது என்றார் வைத்தியர். ஓரீ வெளியே மூச்சு விடாமல் ஆடினார், அதுவும் இடது விங்கில்! அங்கே நிற்பவருக்குப் பக் பெரும்பாலும் வலப்பக்கமிருந்துதான் வரும். ஒவ்வொரு பாஸுக்கும் கழுத்தை வலத்தோளுக்கு மேலாகத் திருப்பி இடக்கண்ணால் பார்க்கவேண்டும். திரும்பியிருக்கும் அந்த நொடியில் ஒரு டிஃபென்ஸ்காரன் வந்து மோதினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். மொன்றியலில் இறங்கியதும் இப்படித்தான்.

கண்ணை மறைத்ததை நான் மெச்சவில்லை. மற்றக் கண்ணும் போயிருக்கலாம். உனக்கு எங்கே அடிபட்டாலும் அன்றைக்கே அம்மாவிடமும் பயிற்றுநரிடமும் சொல்லிவிட வேண்டும்.

நீ கவனிக்க வேண்டியது என்.எச்.எல். க்குப் பிந்திய காலத்தை. 1961 இல் மேற்குக்கரைக்குப் போய் லொஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கே அவரை வலது விங்குக்கு மாற்றினார்கள். இப்போது பக் இடப்பக்கமிருந்து, நல்ல கண்ணுக்கு நேராக வந்தது. 1964-65 இல் 38 கோல்கள்! பிறகு சான் டியேகோவுக்குப் போய் 1968-69 இல் மறுபடியும் 38. ஓய்வு பெற்றது 1979 இல், 43 வயதில். பெரிய சம்பளமில்லாத லீக்குகளில்தான் அந்த மனிதர் தன் நல்ல ஆட்டத்தையெல்லாம் ஆடினார்.

ஆட்டம் முடிந்தபின் சான் டியேகோ ஹோட்டல் ஒன்றில் பாதுகாப்பு வேலை பார்த்தார். 1998 இல் என்.எச்.எல். அவரை அழைத்து, இந்த விளையாட்டுப் பக்கமே வராத பிள்ளைகளிடம் அனுப்பியது. ஊர் ஊராகப் போனார். 2018 இல் ஹொக்கி ஹோல் ஒஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது வீரர் வரிசையில் இல்லை, விளையாட்டை வளர்த்தவர்கள் வரிசையில். எனக்கு அது இன்னும் பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது. 2022 ஜனவரி 18 இல் அவருடைய 22 ஆம் இலக்கச் சட்டையை பொஸ்டன் அணி அரங்கின் கூரைக்கு ஏற்றியது.

ஓரீ இடம் மாறியபின்தான் கோல்களைக் குவித்தார். நீயோ சின்ன வயதிலிருந்து சென்டரைத் தவிர வேறெங்கும் நின்றதில்லை. இரண்டாம் அணியில் ஒரு பருவம் டிஃபென்ஸில் நின்று பார்க்கட்டுமா என்று பயிற்றுநரிடம் கேள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டணத்தைப் பற்றி யோசிக்காதே, அப்பாவோடு நான் பேசுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா