மயிலாடிச் சபையின் கதை

மலையும் வயலும்

பொன்முடி ஒரு மலை. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. இங்கே தேயிலைத் தோட்டங்கள் உண்டு. தோட்ட வேலைக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த மலையில் வாழ்ந்தன. கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, சர்ச்சும் உண்டு என்பதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் வழக்கம்.

இந்த மாவட்டத்தில் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஆங்கில எழுத்துகளில் இதைச் சுருக்கி சி.எஸ்.ஐ. என்பார்கள். இந்தச் சபையின் வேர் எங்கே இருக்கிறது? பொன்முடிக்குத் தெற்கே, வயல் சூழ்ந்த மயிலாடி என்னும் ஊரில் இருக்கிறது.

மயிலாடி இப்போது தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர். கல்லில் சிலை செய்யும் தொழிலுக்குப் பேர் பெற்றது. அந்தக் காலத்தில் பொன்முடியும் மயிலாடியும் ஒரே அரசின் கீழ் இருந்தன. அதன் பெயர் திருவிதாங்கூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தன. பொன்முடி கேரளத்தில் நின்றது. மயிலாடி தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

அந்தக் காலம்

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஏழைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

சில சாதிகளைச் சேர்ந்தவர்கள் பொது வழியில் நடக்க முடியாது. மேல் சாதிக்காரர் வந்தால் தூரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி கட்ட வேண்டும். கூலி இல்லாமல் அரசுக்கு வேலை செய்ய வேண்டும். அந்த வேலைக்கு ஊழியம் என்று பெயர். பெண்கள் மேலாடை அணியக் கூடாது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்றார்கள், வாங்கினார்கள். அப்படி விற்கப்பட்டவர்களுக்கு அடிமைகள் என்று பெயர்.

இவர்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எழுத்து என்பது எட்டாத பொருள்.

மகாராசன்

மயிலாடியில் மகாராசன் என்று ஒருவர் இருந்தார். சாம்பவர் குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்தைத் தீண்டத்தகாதது என்று அன்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். மகாராசனுக்குக் கடவுள் பக்தி அதிகம். சிதம்பரம் போய்ச் சாமி கும்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். மருமகனைக் கூட்டிக்கொண்டு நடந்தே புறப்பட்டார்.

போகும் வழியில் தஞ்சாவூர்ப் பக்கம் உறவினர்களைப் பார்த்தார். அவர்கள் கிறிஸ்தவர்களாக மாறியிருந்தார்கள். அங்கே கோலாப் என்ற போதகரின் பேச்சை மகாராசன் கேட்டார். கடவுள் முன்னால் எல்லா மனிதரும் சமம் என்ற போதனை அவர் மனத்தில் பதிந்தது. அங்கேயே ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்ற புதிய பெயர் பெற்று ஊர் திரும்பினார். 1800ஆம் ஆண்டை ஒட்டி இது நடந்தது.

ஊரில் தன் வீட்டாருக்கும் உறவினருக்கும் தான் கேட்டதைச் சொன்னார். சிலர் ஏற்றார்கள். சிலர் எதிர்த்தார்கள். தொல்லைகள் வந்தன. வேதமாணிக்கம் பின்வாங்கவில்லை. மறுபடியும் தஞ்சாவூர் போனார். தங்கள் ஊருக்கு ஒரு போதகரை அனுப்பும்படி கேட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டார் வந்து இந்தச் சபையைத் தொடங்கினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் அடி எடுத்து வைத்தவர் மயிலாடிக்காரரான ஓர் ஏழை. வெளிநாட்டுப் போதகர் அவர் கூப்பிட்ட பிறகுதான் வந்தார்.

ரிங்கல்தௌபே

வந்தவர் பெயர் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. ஜெர்மானியர். லண்டன் மிஷனெரி சங்கம் அவரை இந்தியாவுக்கு அனுப்பியது. 1804ஆம் ஆண்டின் முடிவில் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார். அங்கே தமிழ் கற்றார். 1806ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியை அடைந்தார்.

ஆலயம் கட்ட அரசு அனுமதி வேண்டும். அது எளிதில் கிடைக்கவில்லை. ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக இருந்த கர்னல் மெக்காலே இதற்கு உதவினார். 1809ஆம் ஆண்டு மயிலாடியில் சிறிய ஆலயம் எழுந்தது. பின்னர் அதே ஊரில் பெரிய ஆலயம் வந்தது. அது ரிங்கல்தௌபே, வேதமாணிக்கம் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

ரிங்கல்தௌபே எளிமையாக வாழ்ந்தார். சிறிய வீட்டில் குடியிருந்தார். ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டார். கையில் வந்த சம்பளத்தின் பெரும் பகுதியை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

சிலர் வரியிலிருந்து தப்பலாம், வழக்கில் வெல்லலாம் என்று எண்ணிக் கிறிஸ்தவராக வந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் உடனே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. காத்திருக்கச் சொன்னார். எண்ணிக்கை முக்கியமல்ல, மனம்தான் முக்கியம் என்பது அவர் கொள்கை.

போதகர் போன பின்

1816ஆம் ஆண்டு ரிங்கல்தௌபேயின் உடல்நலம் கெட்டது. அவர் மயிலாடியை விட்டுப் புறப்பட்டார். இலங்கை போய், அங்கிருந்து கப்பல் ஏறினார். பின்னர் அவரைப் பற்றிய செய்திகள் நின்றுபோயின. அவர் எங்கே இறந்தார் என்பது யாருக்கும் தெரியாது.

போகும் முன் சபையை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். சபை சிதறிவிடும் என்று எண்ண இடம் இருந்தது. ஆனால் சிதறவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வேதமாணிக்கம் சபையை நடத்தினார். பொது வழியில் நடக்க உரிமை இல்லாத குலத்தில் பிறந்தவர், பல ஊர்ச் சபைகளுக்குத் தலைவராக நின்றார். 1827ஆம் ஆண்டு அவர் காலமானார்.

எழுத்து வந்தது

1818ஆம் ஆண்டு சார்லஸ் மீட் என்ற போதகர் வந்தார். அவர் வேலையின் மையத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் ராணி கௌரி பார்வதி பாய். அவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் மிஷனெரிகளுக்கு இடமும் பொருளும் கொடுத்து உதவினார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817ஆம் ஆண்டு ஆணை இட்டவரும் அவரே.

கிறிஸ்தவர்களுக்கு வேதப் புத்தகம் முக்கியம். அதைத் தானே படிக்க வேண்டும் என்பது சீர்திருத்த சபைகளின் கொள்கை. படிக்க வேண்டுமானால் எழுத்துத் தெரிய வேண்டும். ஆகவே ஆலயம் கட்டிய இடத்தில் பள்ளிக்கூடமும் வந்தது. நாகர்கோவில் பள்ளி வளர்ந்து ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.

பெண்களுக்கும் பள்ளி வந்தது. 1819ஆம் ஆண்டின் முடிவில் சார்லஸ் மால்ட் என்ற போதகரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா பெண்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். ரேந்தை என்பது நூலால் பின்னும் அழகான துணிக்கரை. அதை விற்றுப் பணம் வந்தது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கினார்கள்.

நெய்யூரில் 1838ஆம் ஆண்டு மருத்துவ வேலை தொடங்கியது. அது பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்தது.

தோள்சீலைப் போராட்டம்

படித்த பெண்கள் குப்பாயம் என்னும் ரவிக்கை அணிந்தார்கள். தோளில் சீலையும் போட்டார்கள். மேல் சாதிக்காரர் பலர் இதைப் பொறுக்கவில்லை. சந்தையிலும் வழியிலும் பெண்களின் ஆடையைக் கிழித்தார்கள். ஆலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள்.

1822ஆம் ஆண்டு முதல் 1859ஆம் ஆண்டு வரை இந்தப் போராட்டம் விட்டு விட்டு நடந்தது. கடைசியில் 1859ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மகாராஜா ஓர் ஆணை இட்டார். நாடார் பெண்கள், கிறிஸ்தவர் ஆனாலும் இந்து ஆனாலும், மார்பை மறைத்து ஆடை அணியலாம் என்றது அந்த ஆணை. ஆனால் மேல் சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றும் சொன்னது. அது முழு வெற்றி அல்ல. ஆனாலும் ஒரு கதவு திறந்தது.

அடிமைமுறையை ஒழிக்கும்படி 1847ஆம் ஆண்டு மிஷனெரிகள் மகாராஜாவுக்கு மனு எழுதினார்கள். 1855ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது.

மக்களின் மானத்துக்காக உழைத்தது இந்தச் சபை மட்டும் அல்ல. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் மக்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு 1888ஆம் ஆண்டு சிவலிங்கம் நிறுவினார். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் போராடினார். பல ஓடைகள் சேர்ந்துதான் ஆறு பெருகியது.

சபையின் நம்பிக்கை

கடவுள் ஒருவரே என்று இந்தச் சபை நம்புகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேக கடவுள் அவர் என்கிறது. இயேசு மனிதரின் பாவத்துக்காகச் சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உயிர்த்தார் என்பது இதன் மையம். வேதப் புத்தகமே வழிகாட்டி.

இரண்டு சடங்குகள் முக்கியம். ஒன்று ஞானஸ்நானம். தண்ணீரால் ஒருவரைச் சபையில் சேர்க்கும் சடங்கு இது. மற்றது திருவிருந்து. இயேசுவின் நினைவாக எல்லாரும் அப்பமும் திராட்சை ரசமும் பெறுவார்கள். ஒரே அப்பத்தில் எல்லாருக்கும் பங்கு. ஒரே விருந்தில் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். தீண்டாமை இருந்த நாட்டில் இது சின்னக் காரியம் அல்ல.

சபை நடக்கும் விதம்

சபையைப் போதகர் மட்டும் நடத்துவதில்லை. மக்கள் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைச் சபையார் முன் வைக்க வேண்டும். கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் கேள்வி கேட்கலாம். படிக்கத் தெரியாதவர் பிறர் சொல்வதை நம்பியே ஆக வேண்டும்.

பெண்கள் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். அதைச் சபைக்குக் கொடுப்பார்கள். ஒரு பிடி குறைந்தால் குடும்பம் பட்டினி கிடக்காது. பல வீட்டுப் பிடி சேர்ந்தால் மூட்டை நிறையும்.

அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலைக் கொண்டு வருவார்கள். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, கோழி எல்லாம் வரும். அவற்றை ஏலம் விட்டு, பணத்தைச் சபை வேலைக்குச் செலவிடுவார்கள்.

குறைகளும் உண்டு

எல்லாரும் சமம் என்று சொல்வது எளிது. நடப்பது கடினம். சாதி சபைக்குள்ளும் நுழைந்தது. ஒரு சாதிக்காரர் மற்றச் சாதியில் பெண் எடுக்க மறுத்தார்கள். 1850களில் மீட் ஓர் இந்தியப் பெண்ணை மணந்தார். அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் வந்தவர். மற்ற மிஷனெரிகள் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. மீட் சங்கத்தை விட்டு விலகினார். சமத்துவம் போதித்தவர்களே அன்று தடுமாறினார்கள்.

சபையின் கதையைச் சொல்லும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லதைப் பின்பற்றவும் கெட்டதைத் திருத்தவும் வரலாறு உதவுகிறது.

இன்று

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்தன. அதுவே தென்னிந்தியத் திருச்சபை. லண்டன் மிஷன் சபைகளும் இதில் சேர்ந்தன. மாநிலங்கள் பிரிந்த பின், 1959ஆம் ஆண்டு கன்னியாகுமரிப் பேராயமும் தென்கேரளப் பேராயமும் தனித்தனியே அமைந்தன. மயிலாடி கன்னியாகுமரிப் பேராயத்தில் உள்ளது. திருவனந்தபுரம் மாவட்டத்துச் சபைகள் தென்கேரளப் பேராயத்தில் உள்ளன. தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமைக்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது. அரசு, நூலகங்கள், சமயச் சபைகள், தொண்டர்கள் என்று எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. தஞ்சாவூர் போய்ப் போதகரைக் கேட்டு வந்த மயிலாடி ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு.

புதிய சொற்கள்

ஊழியம் – கூலி இல்லாமல் செய்யும் கட்டாய வேலை
கணவாய் – மலைகளுக்கு நடுவே உள்ள வழி
குப்பாயம் – ரவிக்கை
பேராயம் – பல சபைகள் சேர்ந்த பெரிய அமைப்பு
ரேந்தை – நூலால் பின்னிய துணிக்கரை

பதில் எழுதுங்கள்

1. மகாராசன் முதலில் எந்த ஊருக்குப் போகப் புறப்பட்டார்?
2. மயிலாடியில் முதல் ஆலயம் எந்த ஆண்டு எழுந்தது?
3. ரேந்தை பின்னிய பெண்கள் சிலர் அந்தப் பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள்?
4. 1859ஆம் ஆண்டின் ஆணை முழு வெற்றி அல்ல. ஏன்?

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊரில் உள்ள கோயில், பள்ளிவாசல், சர்ச் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். கேட்டதை ஐந்து வரியில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.