புலால் நீக்கிய இல்லம்: பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்குச் சில வழிகள்

சைவ சமயத்தவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கங்களுள் கொல்லாமையும் புலாலுண்ணாமையும் முதன்மையானவை. திருவள்ளுவ நாயனார் புலால் மறுத்தலுக்கென 26ஆம் அதிகாரத்தையும் கொல்லாமைக்கென 33ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். திருமூலரும் திருமந்திரத்திலே இதனைத் தனித்து எடுத்துரைத்தார். நல்லூர் தந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் (1822–1879) சிறுவர் படிக்கும் பாலபாடத்திலேயே இதனைச் சேர்த்துவைத்தார்.

எமது ஊரில் மகோற்சவ காலத்திலும் கந்தசஷ்டி விரத நாட்களிலும் வீடுகள்தோறும் மச்சச் சட்டி ஒதுக்கி வைக்கப்படுகின்றது. வைரவர் மடை முடிந்ததும் மீன் சந்தையிலே சனம் நிறைந்துவிடுகின்றது. சைவமாகவே தொடர விரும்பும் பெற்றோரும் “பிள்ளைகள் மெலிந்துவிடுவார்களே” என்று அஞ்சி விட்டுவிடுகின்றனர். இந்த அச்சம் முற்றிலும் பிழையானதன்று. விரதம் சில நாட்களுக்குரியது. வளரும் பிள்ளையின் உணவோ பல ஆண்டுகளுக்குரியது. ஆகவே பக்தியோடு அறிவும் வேண்டும்.

படிப்படியாக மாறுதல்

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளைகள் வெறுப்படைவர். வழக்கமாகச் சைவம் காக்கும் வெள்ளிக்கிழமையோடு செவ்வாய், திங்கள் எனக் கூட்டிச் செல்லலாம். முதலில் இறைச்சி, அடுத்து மீன், கருவாடு, பின்னர் முட்டை என விடுவது எளிது. சம்பலில் சேரும் மாசி, கேக்கிலுள்ள முட்டை, ஜெலியிலுள்ள ஜெலற்றீன் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

மீனை எடுத்துவிட்டு வெறும் சோறும் சொதியும் வைப்பது மாற்றம் ஆகாது. மீன் இருந்த இடத்திலே பருப்பு, பயறு, கௌபி, கடலை, உழுந்து, சோயா ஆகியவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். சிறுபிள்ளையின் வயிறு சிறியது. இலைக்கறியால் மட்டும் அதை நிரப்பினால் போதிய சக்தி கிடையாது. எனவே தேங்காய், நல்லெண்ணெய், எள்ளுருண்டை, அரைத்த கச்சான் ஆகியவற்றைச் சேர்த்துச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு முழுக் கச்சான் கொடுக்கலாகாது, தொண்டையில் சிக்கிவிடும்.

மறக்கலாகாத சத்துக்கள்

இரும்புச்சத்து: பயறு வகைகளிலும் இலைக்கறிகளிலும் உண்டு. தேசிக்காய்ப் புளி, நெல்லி, கொய்யா போன்றவற்றோடு உண்டால் உடம்பில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். பருவமடைந்த பெண்பிள்ளைகளுக்கு இதில் தனிக்கவனம் தேவை.

விற்றமின் பி12: இதுவே மிக முக்கியமானது. தாவர உணவில் இதனை நம்ப முடியாது. இது குறைந்தால் இரத்தமும் நரம்பும் பாதிப்படையும். பெரியவர்களின் உடம்பில் சில ஆண்டுகளுக்குப் போதுமான இருப்பு உண்டு. குழந்தைகளிடம் அது மிகக் குறைவு. பால் அருந்துவோருக்கு ஓரளவு கிடைக்கும். பாலையும் விடுவோர் வைத்தியரிடம் கேட்டு மாத்திரையாகவோ பானியாகவோ எடுத்தேயாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இது கட்டாயம். மாத்திரை எடுப்பது விரதத்துக்குக் குறைவன்று.

அயடீன்: மீனை விடுவோர் அயடீன் சேர்த்த உப்பையே பாவிக்க வேண்டும். எமது நாட்டில் இதற்கான சட்டம் 1995 இல் வந்தது.

பாலையும் விடுவோர்

பால், நெய், தேன் ஆகியவற்றையும் நீக்கி உண்போரை வீகன் என்பர். இச்சொல் 1944 இல் இங்கிலாந்தில் தோன்றியது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகள் சிலரும் இவ்வழியில் நிற்கின்றனர். 2021, 2022 ஆம் ஆண்டுகளின் பால்மாத் தட்டுப்பாட்டின்போது, விரும்பாமலே பலர் பாலின்றி வாழ நேர்ந்தது.

தேங்காய்ப்பால் பசுப்பாலுக்கு ஈடாகாது. அதில் புரதமும் கல்சியமும் குறைவு. சோயாப்பாலில் புரதம் உண்டு. கல்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆயினும் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு 30 கிராம் மாவே போடுவதால் 100 மில்லிகிராமளவே கிடைக்கும். ஆகவே கஞ்சியோடு எள்ளு, முருங்கையிலை வறை முதலியனவும் வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே பிரதான பால். வீட்டில் கரைக்கும் எந்தத் தாவரப்பாலும் அதற்குப் பதிலாகாது.

பஞ்சாமிர்தத்தில் பாலும் நெய்யும் தேனும் சேர்வதால் அதை வாங்கத் தயங்கும் இளையோரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களுக்கு மோதகமும் அவலும் கடலையும் உண்டு.

பிள்ளையின் மனமும் வீட்டின் ஒற்றுமையும்

தகப்பன் கட்டளையிட, தாய் இரண்டு அடுப்பில் சமைக்க, பிள்ளை ஒளித்திருந்து உண்பதாயின் அந்த வீட்டில் சைவம் நிலைக்காது. ஏன் விடுகின்றோம் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும்படி சொல்லுங்கள். பயறு ஊறவைக்கவும் முருங்கையிலை உருவவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அயல்வீட்டுப் பிறந்தநாளில் பிள்ளை ஒரு துண்டுக் கேக் உண்டால் அதைக் குற்றமாக்காதீர்கள். அடித்தும் வெருட்டியும் ஊட்டப்படும் அகிம்சை அகிம்சையாகாது.

மாதந்தோறும் கிளினிக் புத்தகத்தில் நிறையைப் பதிவுசெய்து, வளர்ச்சிக் கோடு சரிந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்ட வேண்டும். உணவு மாற்றத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். நிறை குறைந்த பிள்ளைக்கு உடல் தேறும்வரை வைத்தியர் சொல்வதைக் கேட்பதே தருமம்.

மேலும், கடற்றொழில் செய்து வாழும் அயற்கிராமத்து மக்களும் எம்பெருமானின் அடியார்களே. நாம் சைவம் காப்பது அவர்களை இழித்துரைப்பதற்கன்று. எல்லா உயிர்க்கும் இரங்குவோர் சக மனிதருக்கு முதலில் இரங்க வேண்டும்.

வருகின்ற மகோற்சவம் முடிந்தபின்னர் மச்சச் சட்டியை மேலும் ஒரு கிழமை ஒதுக்கி வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் உடல்நலத்தோடும் உயிரிரக்கத்தோடும் வளர எல்லாம்வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.