எலும்பில்லாத இறைச்சி

கேள்வி: எங்கள் நாய்க்குட்டிக்கு நான்கு மாதம். எலும்பு நீக்கிய கோழி இறைச்சியும் ஈரலும்தான் தினமும் போடுகிறோம். ஆனாலும் முன்னங்கால்கள் வளைந்துவிட்டன, நடக்கவே முனகுகிறது. பனிமூட்டத்தில் வெயில் படாததுதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இந்த மண்ணில் சுண்ணாம்புச் சத்து இல்லை என்கிறார் மாமனார். எது சரி? இந்த நோய்க்குக் காரணத்தை முதலில் கண்டுபிடித்தது யார்?
- ஒரு வாசகர், லெம்பா பெர்த்தாம், கேமரன் மலை

பதில்: இரண்டும் சரியில்லை. (மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.) உங்கள் மலை மண் புளிப்பானது என்பது உண்மைதான். தேயிலைக்கு அது பிடிக்கும். கோஸ் போடுகிறவர்கள் சுண்ணாம்பு தூவ வேண்டியிருக்கிறது. ஆனால் உங்கள் குட்டி அந்த மண்ணில் மேயவில்லையே! பனிமூட்டத்தின் மேலும் பழி போட முடியாது. வெயில் பட்டால் மனிதத் தோல் வைட்டமின் டி தயாரித்துக்கொள்ளும். நாயின் தோலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதற்கு உணவுதான் வழி.

எனவே சாப்பாட்டுத் தட்டைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்களில் முன்னோடி ஜான் பிளாண்ட்-சட்டன் என்ற லண்டன் அறுவை மருத்துவர். 1889-இல் அங்குள்ள விலங்குக் காட்சிசாலையில் சிங்கக்குட்டிகள் கால் வளைந்து செத்துக்கொண்டிருந்தன. கொழுப்பில்லாத குதிரை இறைச்சிதான் அவற்றுக்கு உணவு. குதிரை எலும்பைக் குட்டிகளால் கடிக்க முடியவில்லை. அவர் நொறுக்கிய எலும்பு, பால், மீன் ஈரல் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். கூண்டு மாறவில்லை, வெளிச்சம் மாறவில்லை. சில மாதங்களில் குட்டிகள் தேறின.

குணப்படுத்தியது எலும்பா, எண்ணெயா? இரண்டையும் சேர்த்தே கொடுத்ததால் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1919-இல் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுத்து, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்தார். மீன் ஈரல் எண்ணெய் அதைத் தடுத்தது. அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்குத்தான் பிறகு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே இறைச்சியை நிறுத்திவிட்டுக் கஞ்சிக்கு மாறுவதும் தீர்வாகாது.

இறைச்சியின் குறை எளிய கணக்கு. 100 கிராமில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம். கால்சியமோ 10 மில்லிகிராம் அளவுதான். வளரும் குட்டிக்குக் கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் தடுமாறும் என்பதால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பைக் கரைத்து எடுக்கின்றன. சேமிப்பை எடுத்து அன்றாடச் செலவு பார்க்கும் குடும்பத்தின் கதைதான். எலும்பு மெலிகிறது, வலிக்கிறது, வளைகிறது; சின்னக் குதியிலேயே முறிவதும் உண்டு. ஈரலிலும் கால்சியம் மிகக் குறைவு. அளவு மீறினால் வைட்டமின் ஏ வேறு நஞ்சாகும். பாசத்தோடு நல்ல கறியாகப் பார்த்துப் போடும் வீடுகளில்தான் இது அதிகம் என்பது என் எண்ணம்.

உடனே கால்சியம் மாத்திரையை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் இன நாய்க்குட்டிகளுக்கு மிகுதியாகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் எலும்பு வளர்ச்சியே கோணலானது. வெந்த கோழி எலும்பும் வேண்டாம். சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமையான தீவனம் போதும். கால் வளைய வேறு காரணங்களும் உண்டு. அதனால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். அதுவரை குட்டியைப் படியேற விடாதீர்கள்.