வைரத்தினும் உறுதியானது

மண்ணுக்கடியில் பொன்னும் மணியும் புதைந்து கிடக்கும் நாடு வளமாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. உலக வரலாறோ வேறொரு பாடத்தையும் கற்பிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் வைரம் கிடைத்தது. 1991 முதல் 2002 வரை அங்கு நடந்த உள்நாட்டுப் போரில் அந்த வைரமே ஆயுதம் வாங்கப் பயன்பட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு வடக்கே உள்ள போட்ஸ்வானாவிலும் வைரம் கிடைத்தது. அங்கே அது சாலைகளாகவும் பள்ளிகளாகவும் மருத்துவமனைகளாகவும் மாறியது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

போட்ஸ்வானா 1966ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அப்போது அது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. கடற்கரை கிடையாது, நிலத்தின் பெரும்பகுதி கலஹாரிப் பாலைவனம். நாடு முழுவதும் 12 கிலோமீட்டர் தார்ச்சாலையே இருந்தது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் 22 பேர் மட்டுமே. மக்களுள் பெரும்பாலோர் கால்நடை வளர்ப்பை நம்பி வாழ்ந்தனர்.

மறு ஆண்டே ஒராபா என்னுமிடத்தில் டி பியர்ஸ் நிறுவனத்தினர் வைரம் இருப்பதைக் கண்டறிந்தனர். அப்பகுதி, நாட்டின் முதல் அதிபரான சர் செரெட்சே காமா பிறந்த இனக்குழுவின் நிலம். அக்குழுவே வைரத்துக்கு உரிமை கொண்டாடியிருக்கலாம். ஆனால், கனிமம் எந்த இனக்குழுவின் நிலத்தில் கிடைத்தாலும் அது நாட்டுக்கே உரியது என்று 1967இல் இயற்றப்பட்ட சட்டம் வகுத்தது. அதிபரின் சொந்தக் குழுவுக்கும் அதில் விலக்கு இல்லை. இதனால், வைரத்துக்காக இனக்குழுக்கள் மோதிக்கொள்ளும் நிலை எழவில்லை.

சுரங்கம் தோண்டப் பெரும்பணமும் தொழில்நுட்பமும் வேண்டும். இரண்டும் அன்றைய அரசாங்கத்திடம் இல்லை. எனவே, வெளிநாட்டு முதலீடு தேவைப்பட்டது. சுரங்கத்தில் போட்ட பணம் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் சட்டம் திடீரென மாறிவிடுமா, அதிகாரிகள் கையூட்டுக் கேட்பார்களா, வழக்கு எழுந்தால் நீதிமன்றம் நடுநிலையோடு தீர்ப்பளிக்குமா என்றெல்லாம் முதலீட்டாளர் எண்ணிப் பார்ப்பர். போட்ஸ்வானா அரசாங்கம் சுரங்கங்களைப் பறிமுதல் செய்யவில்லை. அதே வேளையில், நாட்டின் நலனையும் விட்டுக்கொடுக்கவில்லை. தொடக்கத்தில் 15 விழுக்காடாக இருந்த அரசாங்கத்தின் பங்கு, பேச்சுவார்த்தையின்வழி 1975இல் 50 விழுக்காடாக உயர்ந்தது. நம்பிக்கை குலையாததால் முதலீடும் தொடர்ந்தது. 1982இல் ஜ்வானெங் சுரங்கம் திறக்கப்பட்டது.

கிடைத்த வருமானத்தை விருப்பம்போல் செலவிடவும் இயலவில்லை. நாடாளுமன்றம் ஏற்ற தேசிய மேம்பாட்டுத் திட்டங்களின்படியே பணம் ஒதுக்கப்பட்டது. வருங்காலத் தலைமுறைக்காக 1994இல் ‘பூலா நிதி’ தொடங்கப்பட்டது. ‘பூலா’ என்றால் மழை என்று பொருள். அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுவே. வறண்ட நிலத்தில் வாழ்வோருக்கு மழையைவிடப் பெரிய செல்வம் வேறு ஏது?

போட்ஸ்வானாவிலும் முறைகேட்டுப் புகார்கள் எழுந்ததுண்டு. 1990களின் தொடக்கத்தில் நில ஒதுக்கீடு குறித்து விசாரணை நடந்தது. அதன் விளைவாகத் துணை அதிபர் பதவி விலகினார். 1994இல் ஊழல் தடுப்புக்கெனத் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து முதன்முதலாக வெளியேறிய நாடு என்ற பெருமையையும் போட்ஸ்வானா பெற்றது.

எனினும், சவால்கள் தீர்ந்துவிடவில்லை. நாட்டின் ஏற்றுமதி இன்றும் வைரத்தையே பெரிதும் சார்ந்துள்ளது. ஆய்வகத்தில் உருவாக்கப்படும் வைரங்கள் அதற்குப் போட்டியாக வந்துள்ளன. இளையோரிடையே வேலையின்மையும் மிகுதி. விடுதலை பெற்றது முதல் ஆண்டு வந்த கட்சி 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்றது. அதிபர் முடிவை ஏற்று அமைதியாக விலகினார். புதிய அரசாங்கம் பொறுப்பேற்றது.

வைரம் ஒரு நாள் தீர்ந்துபோகலாம். அதன் விலையும் சரியலாம். ஆளுவோரையும் கட்டுப்படுத்தும் சட்டம், கேள்வி கேட்கும் நாடாளுமன்றம், நடுநிலை தவறாத நீதிமன்றம் ஆகியவை நிலைத்திருக்கும்வரை, மாற்று வழி தேடும் வலிமை அந்நாட்டுக்கு உண்டு.