எரியாத அறிவிப்பு விளக்கு

முற்காலத்து மன்னர் தம் நாட்டின் நிலையையும் பகைவர் நாட்டின் நிலையையும் ஒற்றர் வாயிலாக அறிந்து வந்தனர். எல்லைப்புறத்தில் பகைவர் படை திரளுமாயின், ஒற்றன் விரைந்து வந்து செய்தி உரைப்பான். பல நாள் கழிந்தும் அவனிடமிருந்து செய்தி வாராவிடின், எல்லையில் அமைதி நிலவுகிறது என்று மகிழ்ந்திருப்பவன் அறிவுடைய மன்னன் ஆகான். செய்தி வாராமைக்கு நாட்டின் அமைதி காரணமாகலாம். ஒற்றனின் இறப்பும் காரணமாகலாம். இவ்விரண்டனுள் யாது என்று ஆராய்ந்து தெளிதலே மன்னன் கடமை. திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு தெளியுமாறு அறிவுறுத்தியுள்ளார்.

இக்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கும் ஒற்றர் சிலர் உளர். கைப்பிடிகளுக்கு நடுவே, வேகமானியின் அருகில் அமைந்துள்ள சிறு அறிவிப்பு விளக்குகளே அவ்வொற்றர். எஞ்சினின் உள்ளே நிகழ்வனவற்றை இருக்கையில் அமர்ந்திருப்பவன் கண்ணால் காண இயலாது. அவற்றை இவ்விளக்குகள் நிறத்தால் உரைக்கின்றன. கியர் நியூட்ரல் நிலையில் உள்ளது என்பதைப் பச்சை விளக்கு அறிவிக்கும். முகப்பு விளக்கின் ஒளி தாழாது உயர்ந்து பாய்கிறது என்பதை நீல விளக்கு காட்டும். திரும்புவதற்குரிய இண்டிகேட்டர் இயங்குகிறது என்பதை விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு புலப்படுத்தும். சில வண்டிகளில் எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் குறைந்தவுடன் சிவப்பு விளக்கு எரியும்.

இவற்றுள் ஒன்று பழுதுபட்டால் வண்டி நின்றுவிடுவதில்லை. ஆதலின், "சிறு விளக்குத்தானே, பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் வாளா இருந்துவிடுகின்றனர். அப்பழுதினால் விளையும் கேடோ சிறிதன்று.

ஒருவன் இடப்புற இண்டிகேட்டரை இட்டு ஒரு தெருவினுள் திரும்புகிறான் எனக் கொள்க. பெரும்பாலான வண்டிகளில் அது தானாக அணைவதில்லை. அறிவிப்பு விளக்கு பழுதுபட்டிருத்தலின், வெளியே இண்டிகேட்டர் ஒளிர்ந்துகொண்டிருப்பதை அவன் உணராமல் நேரே செல்கிறான். அடுத்த தெருமுனையில் காத்திருக்கும் லாரி ஓட்டுநர், இவன் இடப்பக்கம் திரும்பப் போகிறான் என்று நம்பி லாரியைச் சாலையில் செலுத்துகிறார். அவர் மீதும் குற்றமில்லை. இவனும் பொய்யுரைக்க எண்ணியவன் அல்லன். எனினும் இருவரும் மோதிக்கொள்ள நேரிடும். நீல விளக்கு பழுதுபட்டவனோ, தான் அறியாமலே எதிரில் வருவோரின் கண்ணைக் கூசச் செய்து செல்வான்.

நியூட்ரல் விளக்கு பழுதாயின், சாலைச் சந்திப்பில் நிற்பவன் கியர் விழுந்திருப்பதை அறியாமல் கிளட்ச்சை விடக்கூடும். அப்பொழுது வண்டி திடீரென முன்னே பாயும். நியூட்ரலைக் கண்டறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பழைய என்ஃபீல்டு புல்லட் வண்டி காட்டும். முதற் கியர் ஒழிந்த பிற கியர்களினின்று, காலால் ஒருமுறை அழுத்தியவுடன் நியூட்ரலுக்குக் கொணரும் தனி நெம்புகோல் அதில் அமைந்திருந்தது.

எண்ணெய் அழுத்த விளக்கின் பழுது இவை அனைத்தினும் கொடியது. பச்சை விளக்கு எரியாவிடில் அதன் குறை விரைவில் புலனாகும். சிவப்பு விளக்கோ வண்டி ஓடும்பொழுது எரியாதிருத்தலே நன்மை. ஆதலின் அது பழுதுபட்டு எரியாமலிருப்பினும், எல்லாம் நலம் என்றே ஓட்டுபவன் எண்ணுவான். எண்ணெய் ஓட்டம் தடைப்படின் உலோகத்தோடு உலோகம் உராய்ந்து, வெப்பம் மிகுந்து, எஞ்சின் இறுகிவிடும். அதனால் பின்சக்கரமும் சுழலாமல் நின்று, ஓட்டுபவனை வீழ்த்தக்கூடும்.

இப்பொய்யான அமைதியைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சினை இயக்குமுன் சாவியைத் திருப்பி விளக்குகளை நோக்குதல் வேண்டும். எண்ணெய் அழுத்த விளக்கு அப்பொழுது எரிந்து, எஞ்சின் இயங்கியவுடன் அணைதல் முறை. ஏ.பி.எஸ். பிரேக்கின் விளக்கு அப்பொழுது எரிந்து, வண்டி சற்று உருண்ட பின் அணையும். கியர் நியூட்ரலில் இருப்பின் பச்சை விளக்கு எரிதல் வேண்டும். மற்ற விளக்குகளை அவற்றிற்குரிய சுவிட்சை இட்டுப் பார்க்கலாம். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, பின்னர் எரியாதிருப்பதற்குப் பொருள் யாதும் இல்லை. எண்ணெய் விளக்கு நன்றாக இருப்பினும், எண்ணெயின் அளவை அளவுகோலினாலோ கண்ணாடித் துளையினாலோ அவ்வப்பொழுது நேரில் காணுதல் நன்று. மற்றோர் ஒற்றனைக் கொண்டு தெளிதல் என்பது இதுவே.

பழுதின் காரணத்தைத் தேடுவதிலும் முறை உண்டு. பல விளக்குகள் ஒருங்கே அணைந்திருப்பின், முதலில் பியூஸையும் பாட்டரியின் இணைப்பையும் நோக்குக. ஒன்று மட்டும் அணைந்திருப்பின், பல்பு, கம்பி, சுவிட்ச் என்னும் மூன்றனுள் ஒன்றில் குறை இருக்கும். பழைய அமைப்புடைய வண்டிகளில் நியூட்ரல் விளக்கின் கம்பி ஒன்று கியர்ப் பெட்டியின் சுவிட்சில் சென்று முடியும். சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல், அக்கம்பியைச் சுவிட்சினின்று கழற்றி எஞ்சினின் உலோகத்தில் தொடுவித்தால், விளக்கு எரிகிறதா என்று காணலாம். எரியுமாயின் குறை சுவிட்சிலும், எரியாவிடின் பல்பிலோ கம்பியிலோ உளது என்பது தெளிவு. புதிய பல்பு பழையதன் வோல்ட், வாட் அளவுகளையே உடையதாதல் வேண்டும். மிகுதியான வாட் கொண்ட பல்பு தன் வெப்பத்தால் கூட்டை உருக்கிவிடும். பியூஸுக்கு ஈடாகத் தடித்த கம்பியைச் சுற்றுதல் தீயை விருந்துக்கு அழைத்தலை ஒக்கும். மின்னணு மீட்டர் உடைய புதிய வண்டிகளைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்தலே தக்கது.

விளக்கை மறத்தல் ஒரு பிழை. விளக்கில் மூழ்கிவிடுதல் அதனினும் பெரும்பிழை. இதனை விமானம் ஒன்றின் வரலாறு உணர்த்தும். 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து மயாமி நகருக்குச் சென்ற ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் தரையிறங்க முற்பட்டது. முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில் தானியங்கிக் கருவியிடம் விட்டு, விமானிகள் விளக்கை ஆராயலாயினர். அதற்கிடையில் உயரத்தைக் காக்கும் கட்டுப்பாடு நீங்கி, விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அதனை ஒருவரும் உரிய காலத்தில் காணவில்லை. விமானம் சதுப்புநிலத்தில் வீழ்ந்து 101 பேர் மாண்டனர். சக்கரமோ செவ்வனே இறங்கியிருந்தது. பழுதுபட்டது பல்பு மட்டுமே.

ஆதலின், ஓடும் வண்டியில் விளக்கு ஒன்று ஐயத்தை விளைவித்தால், கண்ணைச் சாலையினின்று எடுத்தல் ஆகாது. வண்டியை ஓரத்தில் நிறுத்திய பின்னரே அதனை ஆராய்தல் வேண்டும். எண்ணெய் விளக்கு எரிந்தாலோ, சாலையின் நிலை நோக்கி விரைவில் ஒதுங்கி எஞ்சினை நிறுத்துதல் வேண்டும்.

சாவியைத் திருப்பி விளக்குகளை ஒருமுறை நோக்குவதற்கு இரண்டு மூன்று நொடிகள் போதும். அந்நொடிகளைச் செலவிட மனமில்லாதவன், ஒற்றன் இறந்ததையும் அறியாமல் அரண்மனையில் உறங்கும் மன்னனை ஒப்பான். குறை கூறுவார் இல்லாமையும் குறையே இல்லாமையும் ஒன்றல்ல என்பதை அறிதல் வண்டிக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் பொருந்தும்.

வினாக்கள்

1. அறிவிப்பு விளக்குகள் ஒற்றருக்கு ஒப்பிடப்பட்டது ஏன்?
2. எண்ணெய் அழுத்த விளக்கின் பழுது மற்றவற்றினும் கொடியதாவது எங்ஙனம்?
3. நியூட்ரல் விளக்கின் குறை எங்குள்ளது என்று கண்டறியும் முறையை விளக்குக.
4. 1972ஆம் ஆண்டு விமான விபத்து உணர்த்தும் உண்மை யாது?