கண்டுபிடித்தவருக்குக் கைகொடுப்போம்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எமக்கு எரிசக்தி புதிய பாடமல்ல. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கான வேலை 2025இல் தொடக்கி வைக்கப்பட்டது. இவையெல்லாம் அரசாங்கங்களின் திட்டங்கள். தனியொருவரின் மனதில் தோன்றும் யோசனைக்கு இதில் இடம் உண்டா என்பதே என் கேள்வி.

முதலில் எமது நாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதை விளக்கி 1918இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதற்காக வாதாடினார். ஆனால் லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். இடையில் 32 ஆண்டுகள் போய்விட்டன. அரச சேவையில் இருந்த பொறியியலாளருக்கே இந்த நிலை என்றால், வீட்டு முற்றத்தில் கம்பியும் பற்றரியும் வைத்து முயற்சி செய்பவரின் நிலை என்ன?

இதற்கு மாறான உதாரணம் தமிழ்நாட்டில் உண்டு. திருவண்ணாமலையைச் சேர்ந்த பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், தெருவில் துணி தேய்ப்பவர்கள் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். ஐந்து மணிநேர வெயிலில் பற்றரி நிறைந்தால் ஆறு மணிநேரம் துணி தேய்க்கலாம். இந்தியாவின் தேசிய புத்தாக்க நிறுவனம் அந்த யோசனையை ஏற்று 2019இல் விருது வழங்கியது. அதன் பொறியியலாளர்கள் முழு அளவிலான மாதிரி வண்டியைச் செய்ய உதவினார்கள். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் அவர் உரையாற்றினார்.

இந்த இரு கதைகளையும் ஒப்பிட்டால், கண்டுபிடிப்பாளருக்கு நான்கு உதவிகள் தேவை என்பது விளங்கும்.

முதலாவது, செவிசாய்ப்பு. யோசனையைக் கேட்டுக் குறை நிறை சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாவது, பட்டறை. தாளில் வரைந்ததைச் செய்து பார்க்கக் கருவிகளும் அனுபவமுள்ள கைகளும் வேண்டும்.

மூன்றாவது, ஆக்கவுரிமை. எமது நாட்டில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதனை வழங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடங்களுக்குப் பாதுகாப்பு உண்டு.

நான்காவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அது வாங்குபவருக்கான உதவி. வெயில் இலவசம்தான். ஆனால் சூரியப்படலுக்கும் பற்றரிக்கும் முதல் நாளே காசு கட்ட வேண்டும். கரியை அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுபவர் எதைத் தெரிவு செய்வார்? மின்கம்பி எட்டாத எமது கிராமங்களுக்குச் சூரிய விளக்குகள் போய்ச் சேர்ந்தபோது, சர்வோதயத்தின் சீட்ஸ் நிறுவனம் தவணைக் கடன் கொடுத்தது. விளக்கைச் செய்தவருக்கும் அந்தக் கடனே கைகொடுத்தது.

இங்கே எமக்கு என்ன வேலை? என் சாச்சா கடலுக்குப் போகிறவர். கடையில் வாங்கும் மின்விளக்குகள் உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகின்றன என்று அவர் அடிக்கடி சொல்வார். எந்த இடத்தில் முதலில் துருப்பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தூர நாட்டுத் தொழிற்சாலைக்குத் தெரியாத செய்தி அது. பிரச்சினையோடு வாழ்பவரின் அறிவும் பௌதிகவியல் படிக்கும் மாணவியின் அறிவும் ஒரே மேசையில் சந்தித்தால் ஒரு நல்ல விளக்கு பிறக்கலாம்.

1979இன் சட்டத்தால் உருவான இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு "சஹசக் நிமவும்" என்ற கண்காட்சியை நடத்துகிறது. பாடசாலை மாணவர்களும் அதில் பங்குபற்றலாம். அதற்குப் போக, பெண் பிள்ளைக்கு முதலில் வீட்டில் அனுமதி வேண்டும். பெற்றோரே, மகள் பழைய வானொலியைக் கழற்றினால் "இது உனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன முதலாவது உதவி அதுதான். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.